பெற்றோர் கட்டத்தில் கடை முகவரி

என் கையெழுத்து நன்றாக இருக்காது. எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் வயர்களில் ஒட்டும் சிறு சீட்டுகள்தான். அவற்றில் இரண்டு சொல்லுக்கு மேல் இடம் இருக்காது. ‘ர’ வருமா ‘ற’ வருமா என்று சந்தேகம் வந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். பர்வீன் திருத்திக்கொள்வார்.

பர்வீன் இப்போது எங்கள் கடையை நடத்துபவர். காதர் பாயின் மகள். கண்ணில் எழுத்துகள் இரண்டு இரண்டாகத் தெரியத் தொடங்கியதால் நான் போன வருடம் வேலையை விட்டேன். ஆனாலும் கடைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். பிள்ளைகளுக்காகப் பூட்டி வைத்த கம்ப்யூட்டரில் பிரவுசர் அப்டேட் ஆக மாட்டேன் என்கிறது, என்ன செய்வது? பர்வீன் சொன்னார்: “மாரி அண்ணா, ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரு தடவை எழுதிக் குடுத்துடுங்க. தமிழ்ச் சங்கத்து மலர்லயும் போட்டுடலாம்.” புதியவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. பர்வீன் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன் என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். அப்பாவுக்குக் கட்கியில் சுமை தூக்கும் வேலை கிடைத்ததால் பத்து வயதில் புனேக்கு வந்தேன். போபோடியில் காதர் பாய் கம்ப்யூட்டர் கடை திறந்தபோது அட்டைப்பெட்டி இறக்கப் போனேன். பிறகு கீபோர்டு துடைத்தேன். பிறகு கழற்றினேன். பிறகு மாட்டவும் வந்தது. அதன் பின் வீடுகளுக்குப் போய்ச் சரிசெய்து கொடுக்கும் ஆளாக ஆனேன். என் பயிற்சி இவ்வளவுதான்.

ஆங்கிலம் எனக்கு வாசிக்க வராது. திரையில் வரும் பெட்டிகளை நான் முகம் போலத்தான் அடையாளம் வைத்திருந்தேன். கேடயம் போட்ட பெட்டி வந்தால் கம்ப்யூட்டரின் எஜமானன் யாரோ அவருடைய பாஸ்வேர்டு வேண்டும். இரண்டு தலை போட்ட பெட்டி வந்தால் பிள்ளையின் பெற்றோர் அனுமதி வேண்டும். புதியவர்களுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், அதனாலேயே இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழம்புகிறார்கள். இரண்டும் வேறு. ஒன்றுக்குப் பதில் சொன்னால் இன்னொன்று போகாது.

முறை இதுதான். முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தேதி தப்பாக இருந்தால் அப்டேட் ஆகாது. பிறகு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியென்றால் அப்டேட் பொத்தானை ஒருமுறை மட்டும் அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எந்தப் பெட்டி வருகிறது என்று பார்க்காமல் மறுபடி மறுபடி அழுத்தக் கூடாது. பெட்டி வந்த பிறகு காதர் பாயின் மூன்று கேள்விகள்.

“யாரு பேர்ல தொறந்திருக்கு? யாரு பேர்ல பூட்டியிருக்கு? ரெண்டு பேரும் வீட்ல இருக்காவளா?”

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் வேலையைத் தொடங்கினால் அன்று முழுவதும் வீண் என்பார்.

காதர் பாய் மேலப்பாளையத்துக்காரர். இரும்பு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து எதிரில் இருக்கிற கீபோர்டைத் தூசி தட்டுவார். கடையில் எல்லாக் கீபோர்டும் சுத்தமாக இருந்த நாட்கள் உண்டு. அன்றைக்கு யாரும் அவரிடம் பேசமாட்டோம்.

அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. யாரிடமும் பாஸ்வேர்டு கேட்கக் கூடாது. வாடிக்கையாளரே அடிக்க வேண்டும். அவர்கள் அடிக்கும்போது நாங்கள் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். தலையை மட்டும் திருப்பினால் போதாது, உடம்பும் திரும்ப வேண்டும். “கழுத்துக்கு நம்பிக்கை கெடையாதுவே” என்பார். அவுந்துப் பகுதியில் குடியிருந்த, ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் ஒற்றை விரலால் அடிப்பார், நடுவில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்குவார். அவர் வீட்டுச் சுவரில் இருந்த மராத்தி நாட்காட்டியின் விரத நாட்கள் எனக்கு மனப்பாடம்.

காதர் பாய் கடையின் பாஸ்வேர்டை அடிக்கும்போதும் நான் திரும்பித்தான் நிற்பேன். அவர் கேட்டதில்லை, நானாகவே நின்றேன். வருடக்கணக்காக நின்றிருக்கிறேன்.

இப்போது நான் செய்த தவற்றுக்கு வருகிறேன்.

பிள்ளைகளுக்கென்று பூட்டுப் போட்ட கணக்கு வைக்கலாம் என்று வந்த புதிதில், பல வீடுகளில் அதைக் கேட்டார்கள். டியூஷன் டீச்சர் யாராவது சொல்லியிருப்பார். அந்தக் கணக்கைத் திறக்கும்போது ஒரு கட்டத்தில் பெற்றோரின் மெயில் முகவரி போட வேண்டும். அப்பா வேலைக்குப் போயிருப்பார். அம்மாவுக்கு மெயில் முகவரி இருக்காது. புதிதாகத் திறந்து கொடுக்க வேண்டும். அதற்கு அவர்களுடைய பிறந்த தேதி கேட்கும்.

ஒரு பெண்ணிடம் பிறந்த தேதி கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். பெண்களிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசியதில்லை. இது வேலை விஷயம்தான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வரவில்லை. முதல் வீட்டில் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கட்டத்தில் கடையின் மெயில் முகவரியைப் போட்டேன். கம்ப்யூட்டரின் எஜமானன் கணக்கும் கடை பெயரிலேயே இருந்தது. பாஸ்வேர்டு கேட்டபோது கடைக்குத் திரும்பிப்போய் லேப்டாப்பைக் காதர் பாயிடம் நீட்டினேன். அவர் தம் மேசைக் கீபோர்டின் வயரை அதில் செருகி அடித்துக் கொடுத்தார். ஏதோ கடை வேலைக்கு என்று நினைத்திருப்பார்.

ஐந்து வீடுகளுக்கு அப்படிச் செய்தேன்.

ஆறாவது வீட்டுக்குச் செய்யப் போனபோது கம்ப்யூட்டர் மறுத்தது. காதர் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

“குடும்பம் நெறைஞ்சிட்டாம். இதுக்கு மேல புள்ள சேக்க முடியாதாம். என்னவே இது? யாரு குடும்பம்?”

சொன்னேன். அவர் ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார். ஒரு குஜராத்திப் பையன், ஒரு சிந்திப் பையன், கணக்கில் மட்டும் அண்ணன் தங்கையாகிவிட்ட, வேறு வேறு வீட்டு மராத்திப் பிள்ளைகள் இருவர், ஒரு தமிழ்ப் பெண்.

“கல்யாணம் வேண்டாம் வேண்டாம்னு சொல்லி இம்புட்டு சேத்து வச்சிருக்கீரேவே” என்றார்.

பிறகு பிரஷ்ஷை எடுத்தார்.

ஒரு வாரத்துக்குள் ஐந்து வீட்டுக்கும் போய், அந்தந்த வீட்டுப் பெற்றோர் பெயரில் மாற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றார். நான்கு வீட்டுக்குப் போனேன். அந்த நான்கிலும் தகப்பன்மார் இருந்தார்கள். ஐந்தாவது, போபோடியில் எங்கள் கடைக்கு மூன்று சந்து தள்ளியிருந்த சரோஜாம்மா வீடு. கணவர் இல்லை. மகள் நித்யாவுக்காகக் கடையிலேயே பழைய லேப்டாப் ஒன்று வாங்கியிருந்தார். நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. ஹடப்சருக்குக் குடிபோய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவருடைய போன் நம்பர் கடை நோட்டில் இருந்தது. கூப்பிட்டால் பிறந்த தேதி கேட்க வேண்டும். நாளைக்குக் கூப்பிடலாம் என்று இரண்டு நாள் தள்ளினேன்.

மூன்றாம் நாள் காதர் பாய் கேட்டார்: “அஞ்சு வீடும் ஆச்சா?”

“ஆச்சு பாய்” என்றேன்.

கடையில் நான் சொன்ன பொய் இந்த ஒன்றுதான். ஐந்து வருடம் அது சும்மா இருந்தது.

ஐந்து வருடம் கழித்து, ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கடைப் போன் அடித்தது. காதர் பாய் தங்கை மகன் கல்யாணத்துக்கு மேலப்பாளையம் போயிருந்தார். பர்வீனும் கூடப் போயிருந்தார். நான்தான் எடுத்தேன்.

“ஹலோ, மாரி அண்ணாவா? நான் சரோஜா பேசறேன், ஹடப்சர்லருந்து. ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இல்லாத நாள் இல்லை. இருக்கிறது என்றேன்.

“நித்யாவுக்கு இன்னைக்கு மூணு மணிக்கு என்ட்ரன்ஸ் எக்ஸாம் அண்ணா. வீட்லருந்தே எழுதணும், கேமரா முன்னாடி. பிரவுசர் பழசு, அப்டேட் பண்ணுன்னு வருது. பண்ணப் போனா பேரன்ட்ட கேளுன்னு வருது. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். என்னைக் கேக்கவே மாட்டேங்குது!”

பின்னால் நித்யா மராத்திப் பழக்கத்தில் அம்மாவைக் கூப்பிடும் குரல் கேட்டது. “ஆயி, அவர்கிட்ட சொல்லு, ரெண்டரைக்குள்ள லாகின் பண்ணணும்!”

வேறு கம்ப்யூட்டர் இல்லையா என்று கேட்டேன். தேர்வு நடத்துபவர்கள் போன வாரமே இந்த லேப்டாப்பைப் பதிவு செய்துவிட்டார்களாம். வேறொன்றில் எழுத முடியாது. போன வாரம் ஒத்திகையில் மஞ்சள் எச்சரிக்கை வந்திருக்கிறது. எப்போதும் வருவதுதானே என்று நித்யா அதை மூடிவிட்டாள். இன்று சிவப்பாக வந்துவிட்டது. முழுவதும் அழித்துப் புதிதாகப் போட்டால் பதிவும் போய்விடும். இந்த வருடம் தவறினால் அடுத்த வருடம்தான்.

கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். ஸ்டேஷனில் ஒரு முறை மாறி ஹடப்சர் போய்ச் சேர ஒன்றேகால் ஆகிவிட்டது. மூன்றாவது மாடி. நித்யாதான் கதவைத் திறந்தாள். நான் கணக்கு வைத்தபோது பாவாடை போட்ட சிறு பெண். இப்போது என்னைவிட உயரமாக இருந்தாள்.

உட்கார்ந்தேன். கடிகாரம் சரி. இடம் சரி. அப்டேட்டை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்தேன். இரண்டு தலை போட்ட பெட்டி வந்தது. அதற்குப் பின்னால் கேடயப் பெட்டியும் வரும் என்று எனக்குத் தெரியும். இன்டர்நெட்டை அளந்து வாங்கிய அந்தக் காலத்தில், வீணாகச் செலவாக வேண்டாம் என்று தானாக வரும் அப்டேட்டை நிறுத்தி வைத்ததும் நான்தான். அதைத் திறக்கக் கேடயப் பெட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த லேப்டாப்பிலேயே, அந்தக் கீபோர்டிலேயே அடிக்க வேண்டும்.

யார் பேரில் திறந்திருக்கிறது? நித்யா. யார் பேரில் பூட்டியிருக்கிறது? கடை. இரண்டு பேரும் வீட்டில் இருக்கிறார்களா? ஒருவர் மேலப்பாளையத்தில் பந்தியில் இருக்கிறார்.

காதர் பாயைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஐந்து வருடத்துக்கு முன் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அதனால் இருபத்தைந்து நிமிடம் எனக்குத் தெரிந்த எல்லாக் குறுக்கு வழிகளிலும் போய்ப் பார்த்தேன். பென் டிரைவில் வேறு பிரவுசர் கொண்டு போயிருந்தேன். இரண்டு தலைப் பெட்டி வந்தது. வேறொரு வழியில் போனேன். கேடயப் பெட்டி வந்தது. நான் நன்றாகப் பூட்டியிருந்தேன்.

“அங்கிள், ஒண்ணு கேக்கவா?” என்றாள் நித்யா. “இது எட்டு மணிக்கு பந்த் ஆயிடும். நான் ட்வெல்த் படிச்சப்பகூட. ‘தூங்கற நேரம்’னு வரும். என் வயசு இதுல என்ன போட்டிருக்கு?”

பார்த்தேன். பதினைந்து என்று இருந்தது. அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. கணக்கு வைத்த அன்று நான் அவள் வயதையும் கேட்கவில்லை. பார்த்தால் பத்து வயது போல இருந்தாள், பத்து போட்டேன். அன்று அவளுக்குப் பதிமூன்று.

“ஒல்லியா இருந்தே” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தாள். “அங்கிள், யாருக்காவது போன் பண்ணணும்னா ப்ளீஸ் பண்ணிடுங்க. உங்களுக்குப் பண்ண இஷ்டம் இல்ல போல இருக்கு. ஆனா எனக்கு டைம் இல்ல.”

ஒன்று நாற்பதுக்குக் காதர் பாயைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ யாரையோ சாப்பிடச் சொல்லி அதட்டுவதும் கேட்டன.

“என்னவே? கடைல கரண்டு இல்லையா?”

“பாய், நான் ஹடப்சர்ல இருக்கேன். சரோஜாம்மா வீட்டுல.”

“எந்த சரோஜாம்மா?”

“அஞ்சாவது வீடு. அன்னைக்கு ஆச்சுன்னு சொன்னேன். ஆகலை. அப்ப வீடு பூட்டிக் கெடந்துச்சு, பொறவு நான் போகல.”

பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கையில் பிரஷ் இல்லை.

“இப்ப எதுக்குச் சொல்லுதீரு?”

“புள்ளைக்கு மூணு மணிக்குப் பரீட்ச. ரெண்டரைக்குள்ள தொறக்கணும். கடை பாஸ்வேர்டு வேணும்.”

“மத்தத பொறவு பேசுவோம்” என்றார். “பாஸ்வேர்டு எனக்குச் சொல்லத் தெரியாதுவே.”

“ஏன் பாய்?”

“வருசக்கணக்கா கைதான் அடிக்கி. வாய்ல வரல. கீபோர்டு வேணும். லைன்லயே இரும்.”

கல்யாண வேட்டியோடு அவர் மண்டபத்தை விட்டு இறங்கியதைப் பர்வீன் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. மதியச் சாப்பாட்டுக்கு மூடிக்கொண்டிருந்தவரிடம், “தம்பி, அஞ்சு நிமிசம் ஒங்க கீபோர்டு குடும், பிரிண்டு ஒண்ணும் வேண்டாம்” என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது. அந்தத் தம்பி எதற்கு என்று கேட்டார். “ஒரு புள்ளைக்குப் பரீட்ச” என்றார் காதர் பாய். “எங்க?” “புனேல.” பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம் வந்தது.

இங்கே ஒரு சிக்கல். அந்த லேப்டாப்பில் யார் அடிப்பது? பூட்டு யாருக்காகப் போட்டதோ அந்தப் பெண்ணிடம் சாவியைக் கொடுக்க முடியாது. அதோடு அது கடையின் பாஸ்வேர்டு. சரோஜாம்மாவுக்கு அடிக்க வராது. என் வேலைக்காலத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டிலும் நான் பாஸ்வேர்டு அடித்ததில்லை.

“நானே அடிக்கேன்” என்றேன். “நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பி நிக்கணும்.”

சரோஜாம்மா என்னைப் பார்த்தார். “எங்க வீட்லயேவா?”

“ஆமாம்மா. உடம்போட திரும்பணும்.”

திரும்பினார்கள். அந்தப் பக்கம் சாமி படம் இருந்தது. “பரவால்ல, இதுவும் தேவைதான்” என்று சரோஜாம்மா கையைக் கூப்பிக்கொண்டார்.

காதர் பாய் வெற்றுப் பக்கத்தில் அடித்துவிட்டு, விழுந்ததை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். எழுத்தின் பெயர் சொன்னால் எனக்குக் கீபோர்டில் இடம் தெரியும். அடித்தேன். தப்பு என்று வந்தது. மறுபடி வாசித்தார். மறுபடி அடித்தேன். தப்பு. இன்னும் ஒன்றிரண்டு முறை தவறினால் அது கொஞ்ச நேரத்துக்குத் திறக்காமல் உட்கார்ந்துவிடும். மணி இரண்டு அடித்திருந்தது.

“கை சரியாத்தான்வே அடிக்கி” என்றார். “நூறு தடவ அடிச்சாலும் இதுதான் விழுது.”

“இன்னொரு தடவ அடிங்க பாய். வாசிக்க வேண்டாம். போனைக் கீபோர்டு பக்கத்துல வைங்க.”

அவர் அடித்தார். நான் கேட்டேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்காகக் கேட்ட சத்தம். எழுத்து தெரியாது, ஆனால் தட்டு தெரியும். ஐந்து தட்டு வேகமாக, பிறகு ஒரே இடத்தில் இரண்டு தட்டு கொஞ்சம் பலமாக, பிறகு மூன்று. கடைசியில் பெரிய பொத்தான்.

அந்த இரண்டு தட்டு எது என்று அப்போதுதான் புரிந்தது. கடையில் அவர் மேசையில் இருக்கும் கீபோர்டை மாதம் ஒரு முறை கழற்றித் துடைப்பவன் நான். அதில் ஒரு பொத்தானுக்கு அடியில் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. இரண்டு முறை தட்டினால்தான் ஓர் எழுத்து விழும். புதியது மாற்றலாம் என்று பல முறை சொன்னேன், இதுவே போதும் என்றுவிட்டார். கை அதற்குப் பழகிவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரரின் கீபோர்டு நல்ல கீபோர்டு. அதில் இரண்டு தட்டினால் இரண்டு விழுந்தது.

“பாய், நடுவுல ஒரே எழுத்து ரெண்டு தடவ வருதா?”

“வருது.”

“நம்ம கீபோர்டுல அது ஒண்ணுதான் விழும்.”

ஓர் எழுத்தைக் குறைத்து அடித்தேன். இரண்டு தலைப் பெட்டி மறைந்தது. கேடயப் பெட்டி வந்தது. அதற்கும் அதையே அடித்தேன். அதுவும் மறைந்தது. அப்டேட் ஓடத் தொடங்கியது. அந்தப் பாஸ்வேர்டை நான் இங்கே எழுத மாட்டேன். காதர் பாய் மறுவாரமே மாற்றிவிட்டார், ஆனாலும் எழுத மாட்டேன்.

“திரும்பலாமா?” என்றார் சரோஜாம்மா.

திரும்பலாம் என்றேன். அப்டேட்டின் நீலக் கோடு நகர்ந்து முடியப் பதினொரு நிமிடம் ஆனது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிரவுசர் மூடித் திறந்தது. நித்யா தேர்வுப் பக்கத்துக்குள் போனபோது இரண்டு இருபத்துநான்கு. கேமராவில் ஒரு ஆள் வந்து அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்றார். என்னைப் பார்த்து, இவர் யார் என்று இந்தியில் கேட்டார். நித்யா பதில் தேடினாள்.

“ரிப்பேர்வாலா” என்று நானே சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஒரே அறை கொண்ட வீடு. ஆகவே சரோஜாம்மாவும் நானும் தேர்வு முடியும்வரை மாடிப்படியில் உட்கார வேண்டியதாயிற்று. ஐந்தரை மணிவரை. நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் உள்ளே ஏதாவது பெட்டி வந்தால் யார் பார்ப்பது? இரண்டு படி தள்ளி உட்கார்ந்தேன். அவர் பக்கத்து வீட்டிலிருந்து போஹா, நம் ஊர் அவல் உப்புமாதான், வாங்கிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு முடித்தபோது, அது ஏன் அவரைக் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டேன். பெற்றோர் கட்டத்தில் கடை முகவரி இருப்பதையும், அவரிடம் பிறந்த தேதி கேட்க முடியாமல் போனதையும்.

அவர் கையிலிருந்த தட்டைப் படியில் வைத்தார்.

“இத்தனை வருசமா அவ எது கேட்டாலும் உங்க கடைக்கு வந்துச்சா?”

“ஆமாம்மா. யாரும் திறந்து பாக்கல.”

“அவ என்கிட்ட சண்டை போடுவா அண்ணா. ‘நீதான் பர்மிஷன் குடுக்க மாட்டேங்கற’ன்னு. நான் எனக்கு ஒண்ணும் வரலையேன்னு சொல்லுவேன். பொய் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டா.”

நான் காலித் தட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்.

“கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே” என்றார். “அதுல என்ன இருக்கு? ஜூன் ஒண்ணு. ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியார் போட்டது.”

“எனக்கும் ஜூன் ஒண்ணுதாம்மா” என்றேன்.

தேர்வு முடிந்து நித்யா கதவைத் திறந்தாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, அது எங்கள் வேலை இல்லை. கடைக் கணக்கிலிருந்து அவளை நீக்கி, லேப்டாப்பை அவள் பெயருக்கே மாற்றினேன். அவளுக்கு இனி பெற்றோர் கட்டம் தேவையில்லை. சரோஜாம்மா, “எனக்கும் ஒரு மெயில் போட்டுக் குடுங்க, எனக்கு வேணும்” என்றார். போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் எழுந்து திரும்பி நின்றேன். நித்யா எழுத்துக்கு எழுத்து காட்ட, அவர் ஒற்றை விரலால் அடித்தார். முடிந்ததும் கடை மெயிலில் கிடந்த பழைய வேண்டுகோள்களைத் தான் பார்க்கலாமா என்று கேட்டார். காதர் பாயைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் ஊரிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்து அனுப்பினார். பெரும்பாலும் பாடம் படிக்கும் தளங்கள்தான். ஒன்று மட்டும் கோலம் போடும் விளையாட்டு.

நித்யாவுக்கு இரண்டாவது பட்டியலில் இடம் கிடைத்தது.

காதர் பாய் கல்யாணம் முடிந்து வந்த அன்று நான் ஏழு மணிக்கே கடைக்குப் போய்விட்டேன். அவர் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். பிரஷ்ஷை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மத்த நாலு வீடு?” என்றார்.

“அது நிசமாவே ஆச்சு பாய்.”

“அப்படியா” என்றார். போனை எடுத்து நான்கு வீட்டுக்கும் அவரே பேசினார். ஒவ்வொரு வீட்டிலும் ஆயிற்று என்றார்கள். அவர் நன்றி சொல்லி வைத்தார்.

அன்று தொடங்கியது. நான் எந்த வேலைக்குப் போய்விட்டு வந்து “ஆச்சு பாய்” என்றாலும், அவர் என் எதிரிலேயே அந்த வீட்டுக்குப் போன் செய்வார். “நமஸ்கார், கடையிலருந்து பேசுறேன், நம்ம ஆள் வந்தாரா? வேலை முடிஞ்சுதா?” என்று இந்தியில் கேட்பார். திட்டவில்லை, சம்பளத்தைக் குறைக்கவில்லை, வேலையை மாற்றவில்லை. போன் மட்டும் செய்தார். மவுஸ் மாற்றிவிட்டு வந்தாலும் செய்தார். அவர் பேசி முடிக்கும்வரை நான் பையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருப்பேன். மழைக்காலம் ஒன்று போனது. தீபாவளி போனது, ரம்ஜான் போனது, மறுபடி மழை வந்தது.

ஒரு நாள் கராடியில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். சாதாரண வேலை. பிள்ளை கணக்கு, பழைய பிரவுசர், அம்மா ஊரில். அவர் வரும்வரை மூன்று மணிநேரம் காத்திருந்து, அவரே அடித்த பிறகு முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். முழுக்க நனைந்திருந்தேன்.

“ஆச்சு பாய்” என்றேன்.

காதர் பாயின் கை போன் மேல் இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்தக் கையை எடுத்து, அலமாரிக் கதவில் தொங்கிய துண்டை இழுத்து என் பக்கம் நீட்டினார்.

“தலையத் தொடையும்வே” என்றார்.

நான் பையைக் கீழே வைத்தேன்.

எழுதி முடித்தது: பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, போபோடி.